வேர்ஹவுஸில் சூடு எங்கே போகிறது?

கனடாவின் பிரம்டனில் ஒரு வேர்ஹவுஸ், நல்ல சனவரிக் குளிர். "இன்னும் பெரிய ஹீற்றர் போடவேணும், விலை சொல்லுங்கோ" என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். உள்ளே ஓடர் பிக்கர் (உயரத் தட்டில் பெட்டி எடுக்க ஆளையே மேலே தூக்கும் வண்டி) ஓட்டும் தம்பி சொன்னார்: "அண்ணை, மேல ஏறினா ஜக்கெற்றைக் கழட்டோணும், கீழ வந்தா கால் விறைக்குது." வெப்பமானியை அவர் கையிலேயே கொடுத்து மேலே அனுப்பினேன். தரையில் 13 பாகை செல்சியஸ், கூரையடியில் 24.

சூட்டுக்கு அங்கே குறைவில்லை, ஆட்கள் நிற்கும் இடத்தில்தான் அது இல்லை. கூரையில் தொங்கும் ஹீற்றர் காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று மேலேயே தேங்குகிறது. சூட்டைப் பார்த்து ஹீற்றரைப் போட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாற் கீழே குளிரில் இருப்பதால் ஹீற்றர் நிற்காமல் ஓடுகிறது. கூரையடி சூடாக ஆக, கூரை வழியே வெளியே போவதும் கூடும். பெரிய ஹீற்றர் போட்டால் காஸ் பில்தான் ஏறும். அங்கே மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகளைப் போட்டு, மேலே நின்ற காற்றைக் கீழே இறக்கினோம். ஹீற்றர் வாங்கவில்லை.

லொறியில் சாமான் ஏற்றி இறக்கும் லோடிங் டொக் பக்கம் கதை வேறு. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடாக்கின காற்று ஓடிவிடும். அங்கே ரேடியன்ற் ரியூப் ஹீற்றரைத்தான் சொல்வேன். நீளக் குழாய்க்குள் காஸ் எரியும், மேலே பளபளப்பான தகடு இருக்கும். வெயில் காய்வது போல ஆளையும் தரையையும் நேரே சூடாக்கும். கதவை மூடினதும், தரை வாங்கி வைத்த சூட்டைத் திருப்பித் தரும். தெர்மோஸ்டாற்றைச் சில பாகை குறைத்தும் வைக்கலாம். அதற்கு முன் கதவு ஓரத்து ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் அந்தக் குழாய்க்குக் கிட்டப் பெட்டி அடுக்கக்கூடாது. ஒரு இடத்தில் மேல் தட்டுப் பெட்டியின் மூலை பழுப்பேறி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. எவ்வளவு தூரம் விடவேண்டும் என்று ஹீற்றரிலேயே எழுதியிருக்கும்.

சிக்கனம் என்று இரவில் முழுவதும் நிறுத்திவிடவும் வேண்டாம். தீயை அணைக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாயில் தண்ணீர் நிற்குமானால், அது உறையாமல் இருக்க 4 பாகைக்குக் கீழே போக விடக்கூடாது.

அப்புறம், குளிர் தாங்காமல் புரோப்பேன் ஹீற்றரைக் கொண்டுவந்து கதவை மூடிவிட்டு வேலை செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. ஒரே ஷிப்டில் இரண்டு மூன்று பேருக்குத் தலையிடி என்றால் எல்லோரும் உடனே வெளியே வந்து 911 அழையுங்கள்.