ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்க வேண்டியவை: நீலகிரிப் பெற்றோருக்கு

பந்தலூர் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் போய் ஒரே நாளில் திரும்ப வேண்டுமென்றால் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவோடும் ஆட்டிசம் உள்ள அவருடைய ஏழு வயது மகனோடும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அப்படிப் போயிருக்கிறேன். அவர்களுக்கு அது மூன்றாவது நடை. முதல் நடையில் டாக்டர் லீவு. அடுத்ததில் ஏதோ ஒரு நகல் குறைந்தது. அன்றைக்கு டாக்டர் இருந்தார். பையன் டிபன் பாக்ஸ் மூடியைத் தரையில் சுழலவிட்டபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தான். "வீட்டுல எப்படி இருப்பான்?" என்றார் டாக்டர். "நல்லாத்தான் சார் இருப்பான், ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் அம்மா. பெற்ற பிள்ளையை அடுத்தவர் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வருமா? அந்தப் பதிலால் அன்றைக்கும் சான்றிதழ் கிடைக்கவில்லை, இன்னொரு நாள் கூலி போனது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால் 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி உரிமை. சட்டம் இவ்வளவு போதும். சிக்கல் எல்லாம் சான்றிதழில்தான்.

மதிப்பீட்டுக்கு 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. பிள்ளையைப் பார்த்தும் பெற்றோரைக் கேட்டும் மதிப்பெண் போடுவார்கள். அங்கே போய்ப் பிள்ளையைப் பாராட்டிப் பேசாதீர்கள். தலைமுடி வெட்டும்போது அலறுவது, ஒரே சோற்றைத்தான் தின்பது, கூப்பிட்டால் திரும்பாதது எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் ஒரு கடிதமும் வாங்கிப் போங்கள். மனநல மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவர் மட்டும் பார்த்தால் போதாது, உளவியலாளரும் பார்க்க வேண்டும். இருவரும் இருக்கும் நாள் எது என்று போனில் கேட்காமல் மலை இறங்கி ஏறாதீர்கள்.

இன்னொரு கண்ணி, பெயர். அரசுப் படிவத்தில் ஆட்டிசம் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று இருக்கும். பழக்கதோஷத்தில் அறிவுசார் குறைபாட்டில் டிக் அடித்துவிடுவார்கள். சான்றிதழில் ஒன்று, பள்ளியில் வேறொன்று என்று இருந்தால் பின்னால் எல்லா மனுவும் நின்றுவிடும். அங்கேயே படித்துப் பாருங்கள்.

அப்புறம் பள்ளி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ.3,500 வரை கணக்கு உண்டு. பெண் குழந்தைக்கு மாதம் ரூ.200, பத்து மாதங்களுக்கு. அந்த 3,500 உங்கள் கையில் வரும் பணம் அல்ல. கற்பித்தல் கருவி, பயணப்படி, முகாம் என்று செலவாகும் பணம். யாராவது "உங்களுக்கு வந்திருக்குமே" என்று கிளப்பிவிட்டால் ஆசிரியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எமிஸில் (மாணவர் விவரம் பதியும் பள்ளிக் கல்வித் துறையின் கணினித் தளம்) என் பிள்ளை இந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறானா? தலைமையாசிரியரிடம் திரையில் காட்டச் சொல்லுங்கள். பதிவு இல்லாத பிள்ளை கணக்கில் இல்லாத பிள்ளை. ஐந்து முடித்து வேறு பள்ளிக்குப் போனால் மறுபடியும் பாருங்கள்.

தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 மாணவருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. இங்கே வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பு ஆசிரியர் பஸ்ஸுக்குக் காத்து நின்று பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார். அவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வகுப்பு ஆசிரியரையும் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். மற்ற நான்கு நாளும் பிள்ளை அவரிடம்தானே இருக்கிறான்?

"வீட்டுலயே வெச்சுக்கோங்க, டீச்சர் வருவாங்க" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். வீட்டுவழிக் கல்வி என்பது கடும் பாதிப்புள்ள பிள்ளைக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் விருப்பத் தேர்வு. பள்ளி தன் வசதிக்காகத் தள்ளிவிடும் இடம் அல்ல. ஒரு தாளில் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். போட்டுவிட்டால் நீங்களே விரும்பிக் கேட்டதாகிவிடும்.

பத்தாம் வகுப்பில் மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் உண்டு. அவை தானாக வராது. ஆண்டு தொடக்கத்திலேயே பள்ளி மூலம் மனுப் போடுங்கள். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஓடினால் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை உண்டு. தெரபி செலவும் அதில் வரும். பில்லைத் தொலைத்தால் பணம் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் காப்பீடே இல்லை.

எங்கேயும் நகரவில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். "பாக்கலாம், போங்க" என்பார்கள். மனு எண் போட்ட ரசீது கைக்கு வரும்வரை மேஜையை விட்டு நகராதீர்கள், பஸ் போனாலும் சரி.