ஷவர் மேடையை உடைக்கும் முன் வெளியே சேம்பரைத் திறந்து பாருங்கள்

கீழக்கரையில் ஒரு வீடு. மகன் துபாயில் இருக்கிறார். உம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. குளியலறை மூலையில் கண்ணாடிக் கதவு போட்டு ஆறு அங்குல உயரத்தில் கட்டிய ஷவர் மேடையில் அவரால் கால் வைத்து ஏற முடியவில்லை. "காக்கா (அண்ணே), அந்த மேடையை எடுத்துட்டு எல்லாத்தையும் ஒரே மட்டமா ஆக்கிடுங்க. உம்மா வாக்கரோட நேரா உள்ளே போகணும்" என்று மகன் என்னிடம் போனில் சொன்னார். ஒரு வார வேலை. டைல்ஸ் புதிது, தண்ணீர் இறங்கும் வாயில் போடும் ஜாலி (சல்லடை மூடி) புதிது, எனக்கும் திருப்திதான்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்த மூன்றாம் நாள் போன் வந்தது. யாரும் குளிக்கவில்லை, ஆனால் குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறதாம், சோப்பு நுரையும் நாற்றமுமாக.

தப்பு என்னுடையது. உள்ளே வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான தரைச் சரிவு) பார்த்தேன், டைல்ஸ் பார்த்தேன், தண்ணீர் வெளியே எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கவில்லை. அந்த வீட்டுக் குளியல் தண்ணீர் கொல்லையில் இருந்த உறிஞ்சு குழிக்குப் போனது. நம் கடலோர மண்ணில் மழைக்காலத்தில் சில அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். ஊற்றுநீர் ஏறியபின் குழி எதை உறிஞ்சும்? குழி நிரம்பினால் அதற்கு முன் பைப் வந்து சேரும் மூடி போட்ட தொட்டியான சேம்பர் நிரம்பும், சேம்பர் நிரம்பினால் தண்ணீர் பைப் வழியே திரும்பி வந்து வீட்டில் எந்த வாய் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியே வெளியேறும். பழைய ஷவரின் வாய் ஆறு அங்குலம் மேலே இருந்ததால், பல வருடங்களாக ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் அதற்குக் கீழேயே ஏறி இறங்கியிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. நான் அந்த வாயைத் தரைக்கு இறக்கியதும் அதற்கு வழி கிடைத்துவிட்டது.

அதனால் இப்போது நான் சுத்தியலை எடுப்பதற்கு முன் சேம்பர் மூடியைத்தான் திறக்கிறேன். ஒரு ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து, குளியலறைத் தரைக்கும் சேம்பரில் பைப் வந்து விழும் அடிமட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்வேன். பைப்புக்கு மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் வேண்டும். நாலு மீட்டர் தூரம் என்றால் அதற்கே 8 செ.மீ. போய்விடும். தரையில் தண்ணீர் இறங்கும் வாய்க்கடியில் வைக்கும் டிராப் (நாற்றம் ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) உட்காரவும் ஆழம் வேண்டும். மிச்சம் ஒன்றும் இல்லை என்றால் தரையை இறக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் குழியில் தண்ணீர் எந்த அளவு நின்றது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், எந்த லெவல் கருவியும் சொல்லாததைச் சொல்வார்கள்.

அந்த வீட்டில் பிறகு செய்தது இதுதான். குளியலறைத் தரை முழுவதையும் நாலு அங்குலம் உயர்த்தினோம். வாசலில் படி வைக்காமல், நடைபாதையில் நாலு அடி நீளத்துக்குச் சாய்தளம் போட்டோம். ஒரு அங்குல ஏற்றத்துக்கு ஒரு அடி நீளம் என்பது கணக்கு. குளியல் தண்ணீரைப் பழைய குழியிலிருந்து பிரித்து, மேடாக மண் போட்ட தென்னம்பாத்திக்கு விட்டோம். செப்டிக் டேங்கில் சேர்த்துவிடலாமே என்று கொத்தனார் சொன்னார். கூடாது. குளியல் தண்ணீர் மொத்தமாகப் பாய்ந்தால், டேங்கில் அடியில் தங்க வேண்டிய கழிவு தங்காமல் வெளியே தள்ளப்படும். தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஒன்றும் வைத்தோம். ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். ஒரு கொத்து முடி சிக்கினால் போதும், அது மூடாது.

உள்ளே வாட்டம் இன்னொரு தலைவலி. மூன்றடிக்கு மூன்றடி மேடையில் கண் மதிப்பில் வாட்டம் வைத்தாலும் ஓடிவிடும். எட்டடி அறையில் அது நடக்காது. 80க்கு 1 சரிவு என்று வைத்தால் எட்டடிக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும். நடுவில் டிராப் வைத்தால் நாலு பக்கமும் சரிவு வேண்டும், அதற்குப் பெரிய டைல்ஸ் வளையாது. சுவர் ஓரம் நீளமான சேனல் (ஜாலி மூடிய வாய்க்கால்) வைத்து ஒரே பக்கமாக வாட்டம் விடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. வாக்கர் காலும் ஆடாது. மழை மாதிரி கொட்டும் பெரிய ஷவர் மாட்டுகிறீர்கள் என்றால் பழைய இரண்டு அங்குல பைப்பை அப்படியே விடாதீர்கள், மூன்று அங்குலமாக்குங்கள். ஜாலி வாங்கும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். 304 நம் உப்புக் காற்றில் சீக்கிரமே பழுப்புப் பிடிக்கும்.

மாடியில் செய்கிறவர்களுக்கு: டைல்ஸ் ஒட்டும் முன் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் டிராப்பின் கழுத்தில்தான் இருக்கும். உப்புக் காற்றோடு ஈரமும் சேர்ந்தால் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கும். அப்புறம் பூச்சு பெயர்ந்து விழும். கலவைக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பூட்டிய வீடுகளுக்கு. டிராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. வெளிநாடு போய் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டினால் வெயிலில் அது வற்றிவிடும். "ஷவர் போட்டதிலிருந்து வீடே நாறுது" என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் வீட்டில் வேறு கோளாறு இல்லை, ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் சரியானது. ஊருக்குக் கிளம்பும் அன்று டிராப்பில் தண்ணீர் நிரப்பி, மேலே இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுப் போங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் மாதம் ஒருமுறை ஒரு வாளி ஊற்றவும், ஐப்பசி பிறந்ததும் சேம்பர் மூடியைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பவும் சொல்லுங்கள்.