குரூஸ்: சொகுசா, உலாவா?

சித்தியின் கைப்பேசிக்கு ஒரு டிராவல்ஸ் விளம்பரம் வந்தது. 'சென்னையிலிருந்து 2 இரவு, 3 பகல் குரூஸ்' என்று போட்டிருந்தது. "எந்த ஊருக்குடா போகுது?" என்று கேட்டார். எந்த ஊருக்கும் இல்லை சித்தி, கடலுக்குள் போய்விட்டு மறுபடி சென்னைக்கே வரும் என்றேன். "சும்மா உலாத்திட்டு வர்றதுக்கா இவ்வளவு காசு?" என்று கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நம் நாளிதழ்கள் குரூஸுக்கு வைத்திருக்கும் பெயர் 'சொகுசுக் கப்பல்'. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அதற்கு முன் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்துக்கே இது இரவல் சொல்தான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. டச்சு மொழியில் 'க்ரோய்சன்' என்றால் கடலில் குறுக்கும் நெடுக்குமாகக் கப்பல் ஓட்டுவது. அதன் அடிச்சொல் 'க்ரோய்ஸ்', அதாவது சிலுவை. அதற்கும் மூலம் லத்தீன் 'க்ருக்ஸ்'. சிலுவையின் இரண்டு கட்டைகளும் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி, போன தடத்தையே வெட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவது. முதலில் அது உல்லாசப் பயணிகளின் வேலை அல்ல. எதிரிக் கப்பல் சிக்குமா என்று ரோந்து சுற்றியவர்களின் வேலை.

அதே லத்தீன் சிலுவை அதற்கு முன்பே வேறொரு வழியாக நம் கரையில் இறங்கியிருந்தது. போர்த்துகீசியர் கொண்டுவந்த 'குரூஸ்' கடற்கரை ஊர்களில் 'குருசு' ஆனது. சிலுவை நட்டுக் கும்பிடும் இடம் 'குருசடி'. முத்துக்குளித்துறையில் குரூஸ் ஆட்பெயராகவும் நிலைத்தது. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துக்கு அங்கே சிலையே இருக்கிறது. கப்பல் குரூஸும் அவர் பெயரிலுள்ள குரூஸும் தமிழில் ஒரே எழுத்துகளாக வந்து நிற்பது வெறும் தற்செயல் அல்ல. பங்காளிகள்தான், வெவ்வேறு கப்பலில் வந்தவர்கள், அவ்வளவே.

ரோந்து சுற்றும் போர்க்கப்பலுக்குக் குரூசர் என்று பெயர். சென்னைத் துறைமுகத்துக்கு அதில் ஒன்று நன்றாகவே பழக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் என்ற குரூசர் வந்து குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பீதியில் பலர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. குரூசர் என்ற சொல் நம் வாயில் ஒட்டவில்லை, ஆனால் கப்பலின் பெயர் ஒட்டிக்கொண்டது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம்.

சரி, போர்க்கப்பலின் சொல் உல்லாசத்துக்கு எப்படி வந்தது? ஒரு பெரிய காரணம் பருவநிலை. ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் கம்பெனியில் இருந்த ஆல்பர்ட் பாலின் என்பவருக்கு ஒரு சிக்கல். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கொந்தளிக்கும், அமெரிக்கா போக ஆள் வராது, கப்பல் சும்மா கிடக்கும். 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்குத் திருப்பிவிட்டார். ஊர் ஊராகப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பயணம். சென்னையிலும் அதே மாதிரிதான் நடந்தது. தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் முரண்டு பிடிக்கும். மும்பையை வைத்து ஓடிய கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு வந்தது. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிவைத்தார். சில பயணங்கள் எந்தத் துறையையும் தொடாமல் ஆழ்கடல் வரை போய்த் திரும்பின. சில விசாகப்பட்டினம் வரை போயின. புதுச்சேரியில் மட்டும், கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அனுமதி கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜூனில் மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னையிலிருந்து இலங்கைப் பயணத்தைத் தொடங்கிவைத்தார்: ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, பிறகு சென்னை. 17.21 கோடி ரூபாயில் பயணிகள் முனையமும் வந்தது. விசாகப்பட்டினம் அதே ஆண்டு செப்டம்பரில் 96 கோடியில் ஒன்றைத் திறந்தது. 2024இல் மத்திய அரசு இதற்கென்றே தொடங்கிய திட்டத்துக்கு வைத்த பெயர் 'குரூஸ் பாரத் மிஷன்'. மூன்று சொல்லில் இரண்டு ஆங்கிலம்!

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். சொகுசு என்பது கப்பலின் உள்ளே இருப்பது: மெத்தை, நீச்சல் குளம், ஐந்து வேளைச் சாப்பாடு. தெலுங்கில் 'சொகசு' என்றால் அழகு. அதன் உறவுக்காரச் சொல்தான் நம்முடையது. ஆனால் குரூஸ் என்ற சொல் பேசுவது வசதியைப் பற்றி அல்ல, வழியைப் பற்றி. டைட்டானிக்கைவிட அந்தக் காலத்தில் சொகுசான கப்பல் ஏது? ஆனால் அது குரூஸ் போகவில்லை. நியூயார்க் போய்ச் சேரவேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு போனது. இன்னொரு பக்கம் நம் 'ராஜுலா'. 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன நம் ஆட்களில் பெரும்பாலானோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். சொகுசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ராஜுலாவும் டைட்டானிக்கும் ஒரே சாதிதான்: இங்கிருந்து அங்கே கொண்டுபோய் விடும் பயணிகள் கப்பல்.

சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வருவதற்குத் தமிழில் சொல் தேடி அலையவேண்டியதே இல்லை. உலா. சாமி திருவீதி உலா போனால் கோயிலுக்கே திரும்பும், வழியில் எங்கேயும் இறங்கிக் குடியேறாது. உலாவு, உலாத்து எல்லாம் அதே குடும்பம். ஆகவே கப்பல் 'உலாக்கப்பல்', பயணம் 'கப்பலுலா', கட்டடம் 'உலாக்கப்பல் முனையம்'. சுற்றுலாக் கப்பல் என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பில்லை, உள்ளே உலா இருக்கிறது. ஆனால் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போய்வரும் படகையும் சுற்றுலாப் படகு என்றுதானே சொல்கிறோம். குரூஸ் ஏவுகணையை மட்டும் இதில் சேர்க்க முடியாது. அதற்குச் 'சீர்வேக ஏவுகணை' இருக்கிறது, இருக்கட்டும்.

உலா என்று வைத்துக்கொண்டால் துறைமுகத் தொழிலின் கணக்கும் எளிதாகப் புரியும். கப்பல் கிளம்பித் திரும்பும் துறையை அந்தத் தொழிலில் ஹோம் போர்ட் என்பார்கள். தேர் கிளம்பி வந்து சேரும் இடத்துக்கு நாம் 'நிலை' என்கிறோம் அல்லவா, 'நிலைத்துறை' என்றே சொல்லலாம். வழியில் சில மணி நேரம் நிற்கும் துறைகள் மண்டகப்படி மாதிரி. நிலைத்துறையாக இருக்கும் ஊருக்குத்தான் வரும்படி அதிகம். வெளியூர்க்காரர் முதல் நாளே வந்து ஓட்டலில் தங்குவார், டாக்ஸி பிடிப்பார். கப்பலும் குடிநீர், காய்கறி, எரிபொருள் எல்லாம் அங்கேதான் நிரப்பிக்கொள்ளும். மண்டகப்படித் துறைக்கு மிஞ்சுவது, கோயில் பார்க்க இறங்கும் கூட்டத்துக்கு நாலைந்து பேருந்து வாடகையும் கொஞ்சம் இளநீர் வியாபாரமும். சென்னை 2022இல் நிலைத்துறை ஆனதுதான் செய்தி. 'சொகுசுக் கப்பல் வந்தது' என்ற தலைப்பில் அது தெரியவே தெரியாது.

காங்கேசன்துறைக்கு 2023இல் இரண்டு விதமும் வந்தன. ஜூனில் சென்னையிலிருந்து எம்ப்ரஸ். அக்டோபர் 14இல் தொடங்கியது நாகப்பட்டினத்திலிருந்து சின்னப் பயணிகள் கப்பல். முதலாவது உலா, இரண்டாவது பயணம். 'சென்னை - இலங்கை சொகுசுக் கப்பல்' என்ற செய்தியைப் படித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் உறவுக்காரர் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "காங்கேசன்துறைக்கு ஒன்வே டிக்கெட் எவ்வளவு?" உலாக்கப்பல் என்று போட்டிருந்தால் கேட்டிருக்கமாட்டார்.