வெடிமருந்துக்குப் பயம், கேப்புக்கு இல்லை

கல்குவாரிகளில் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும்போது அடிக்கடி பார்ப்பது இது. வெடிமருந்துப் பெட்டி இறங்கினால் எல்லோரும் தள்ளி நிற்பார்கள். அதே ஆட்களில் ஒருவர் கேப்பை, அதாவது அந்த மருந்தைத் தூண்டி வெடிக்கவைக்கும் டெட்டனேட்டரை, சட்டைப்பையில் பீடிக்கட்டோடு போட்டுக்கொண்டு நடப்பார். அதுதான் எனக்குக் கவலை.

1847-இல் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்தார். குலுங்கினாலே வெடிக்கக்கூடிய திரவம். ஆனால் பாறையில் வைத்துத் திரி கொளுத்தினால் வெடிக்குமா என்பது நிச்சயமில்லை. ஆல்ஃபிரட் நோபல் முதலில் அவிழ்த்தது இந்த இரண்டாவது முடிச்சைத்தான். பாதரச ஃபல்மினேட் அடைத்த சிறு உலோகக் குப்பியை முதலில் வெடிக்கவைத்து, அந்த அதிர்வால் மருந்தை வெடிக்கவைத்தார். இன்றைய கேப்பு அந்த வம்சம்தான்.

குலுங்கினாலே வெடிக்கும் என்ற மற்ற முடிச்சுக்கு உயிர்கள் போயின. 1864-இல் ஸ்டாக்ஹோமின் ஹெலனெபோரியில் நடந்த வெடிவிபத்தில் அவருடைய தம்பி எமில் உட்படச் சிலர் இறந்தார்கள். ஊருக்குள் சோதனைக்குத் தடை வந்ததும் மெலாரன் ஏரியில் ஒரு படகுக்கு வேலையை மாற்றினார். கடைசியில் கீசெல்கூர் என்ற நுண்துளை மண் அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொண்டது. டைனமைட் என்ற அந்தக் கலவைக்கு 1867-இல் காப்புரிமை கிடைத்தது.

டைனமைட்டும் சாது இல்லை. பழசானால் கசியும், குளிரில் உறையும். உறைந்ததை இளக்கப் போய்ச் செத்தவர்கள் உண்டு. இந்தியாவில் நைட்ரோகிளிசரின் வெடிமருந்துகளுக்கு 2004 ஏப்ரல் 1 முதல் தடை. இப்போது நாம் பழக்கதோஷத்தில் ஜெலட்டின் என்று வாங்குவது ஸ்லரி அல்லது எமல்ஷன். நீர் கலந்த சரக்கு, அடி உரசலை ஓரளவு தாங்கும்.

கேப்பை அப்படிச் சாதுவாக்க முடியாது. சின்னத் தூண்டுதலுக்கே வெடிப்பதுதான் அதற்கு வேலை. சுண்டுவிரலைவிட ஒல்லியான உலோகக் குழாய், பின்னால் கலர் வயர். பார்க்க எலக்ட்ரிக் சாமான் மாதிரி இருக்கும். பிள்ளைகள் எடுப்பதும் அதனால்தான். கல்லால் தட்டிப் பார்ப்பார்கள், பேட்டரியில் வைத்துப் பார்ப்பார்கள். விரல்கள் போகும், கண் போகும்.

அடுத்தது, மருந்து அடைத்தும் வெடிக்காத குழி. வெடி போட்ட பாறையில் பழைய குழியின் அடி மட்டும் மிஞ்சி நிற்கும். புது இடத்தில் டிரில் வழுக்கும், பழைய குழியில் சுலபமாக உட்காரும். அதனால் கம்ப்ரஸர் டிரில் ஓட்டும் ஆள் டிரில் ராடை அதற்குள்ளேயே விடுவார். உள்ளே கேப்போடு மருந்து மிச்சமிருந்தால் ராடு நேராக அதன் தலையில் இறங்கும். சுரங்க விதிகள் இதைத் தடை செய்கின்றன. ஆனாலும், சொல்லப்போனால், அரைமணி வேலை மிச்சம் என்பதுதான் களத்தில் ஜெயிக்கிறது. ஷிப்ட் மாறும்போது எந்தக் குழி வெடிக்கவில்லை என்று அடுத்த ஆளுக்கு எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது டீக்கடையோடு போய்விடும்.

சாதாரண எலக்ட்ரிக் டெட்டனேட்டருக்கும் 2025 ஏப்ரல் 1 முதல் தடை என்று மத்திய அரசு அறிவித்தது. நல்லதுதான். அப்புறம், கிணறு வெட்டிய காலத்தில் வாங்கி மோட்டார் ரூமில் செருகி வைத்த பழையது? அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள், வயரை இழுக்காதீர்கள். நல்லெண்ணத்தில் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போகாதீர்கள். பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டு, தள்ளி வந்து போலீசுக்கு போன் போட்டு அவர்களை அங்கே வரச்சொல்லுங்கள்.