பின்சீட்டில் கிட்டார் இருந்தால் அது ஓய்வுநாள் அல்ல

கல்லூரி மாணவர்களிடையே கிறிஸ்தவ ஊழியம் செய்யும் இளம் தம்பதிகளிடம் ஓய்வைப் பற்றிக் கேட்டால், "வாரா வாரம் வெளியே போகிறோமே" என்பார்கள். யாரோடு என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். ஒரு வாரம் ஜெபக்குழுவோடு கடற்கரை, மறுவாரம் முதலாண்டு மாணவர்களோடு மலையேற்றம். இருவர் மட்டும் போனது எப்போது என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மாணவர்களோடு போவது நல்ல ஊழியம்தான். ஆனால் அதை ஓய்வுக் கணக்கில் எழுதக் கூடாது.

தம்பதியாகச் செய்யும் ஊழியத்தில் வீடும் களமாகிவிடும். வேதாகமத்தில் வரும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி அப்பொல்லோ என்ற பிரசங்கியைச் சேர்த்துக்கொண்டு போதித்த நாளிலிருந்து அப்படித்தான். 1951-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பில் பிரைட், வோனட் பிரைட் தொடங்கிய 'கேம்பஸ் குருசேட்' என்ற மாணவர் ஊழியமும் தம்பதி ஊழியமே. அலுவலகம் போய்வருகிறவருக்கு வீடு திரும்பினால் வேலை முடிந்தது. இவர்களுக்கு இரவு பத்தரைக்கும் கதவு தட்டப்படும்.

அதனால் ஓய்வுநாளைக் குறிப்பதற்கு முன் கல்லூரி நாட்காட்டியை எடுங்கள். பருவம் தொடங்கும் முதல் நான்கு வாரமும் முகாமுக்கு முந்தைய வாரமும் நெருக்கடியானவை. அப்போது அரைநாள் கிடைத்தாலே போதும். தேர்வு வாரங்களில் மாணவர்கள் படிப்பில் மூழ்கிவிடுவார்கள். முழுநாளை அங்கே வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஓய்ந்த வாரத்தில் தேங்கிய கணக்கையும் அறிக்கையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, நெருக்கடி வாரத்தில் "எப்படியாவது போய்வருவோம்" என்று கிளம்பி, பாதி வழியில் சண்டையோடு திரும்புவார்கள்.

தூரம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கட்டும். ஆனால் அது மாணவர்கள் கூடும் இடமாக இருக்கக் கூடாது. "போகிற வழிதானே, கீபோர்டைச் சபையில் இறக்கிவிடலாம்" என்ற ஒரு வரியில் அந்த நாளே போய்விடும். கிட்டார், மடக்கு நாற்காலி, பாட்டுப்புத்தகக் கட்டு எல்லாவற்றையும் முந்தின இரவே வண்டியிலிருந்து இறக்குங்கள். பின்சீட்டில் அவை கிடந்தால் பேச்சு தானாக அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும்.

கைபேசியை அணைப்பது பலருக்குக் குற்ற உணர்வைத் தரும். அணைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. விபத்து, மருத்துவமனை, தற்கொலைப் பேச்சு: இந்த மூன்றுக்கு மட்டும் அழைக்கலாம் என்று சொல்லி, பொறுப்பான உடன் ஊழியர் ஒருவரின் எண்ணை மாணவர்களிடம் கொடுங்கள். உங்களைக் கூப்பிடலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மாற்கு 6-ல் சீஷர்களைச் சற்றே இளைப்பாற அழைத்துப்போன இயேசுவுக்கு முன்பாகவே ஜனங்கள் ஓடிப்போய்க் கரையில் நின்றார்கள். அவரும் மனதுருகிப் போதித்தார். ஓய்வு கலைவது புதிதல்ல. ஒவ்வொரு வாரமும் கலைந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பணத்தையும் பேசிவிடுவோம். காணிக்கையில் வாழ்கிறவர்கள் சினிமாவுக்கோ படகுச் சவாரிக்கோ செலவழித்ததை மறைக்கப் பார்ப்பார்கள். ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் ஊழியப் படம் மட்டுமே வரும். அது வீண் பாரம். குடும்பச் செலவில் 'வெளியே செல்ல' என்று ஒரு வரியைத் தனியாக ஒதுக்கி, மேற்பார்வையாளருக்கும் காட்டிவிட்டால் ஒளிக்க எதுவும் இராது.

மாணவர்களோடு போகும் நாளின் ஒழுங்கு வேறு. இரண்டிரண்டு பேராக இணை சேர்த்துவிடுங்கள். வண்டி ஏறும்போது ஒரு தலைக்கணக்கு, நின்ற ஒவ்வோர் இடத்திலிருந்தும் கிளம்பும்போது ஒன்று. ஆறு, குளம் என்றால் நீந்தத் தெரிந்த ஒருவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படம் எடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

தவறு அதிகம் நேர்வது திரும்பும்போதுதான். கணவர் ஒரு வண்டி, மனைவி ஒரு வண்டி என்று பிரிந்து வந்தால் கடைசியில் ஒரே ஒரு மாணவியோ மாணவரோ ஓட்டுகிறவரோடு தனியாக மிஞ்சுவார். யாருக்கும் தப்பான எண்ணம் இருக்காது. ஆனாலும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குச் சாட்சி இல்லை. காலையிலேயே இறக்கும் வரிசையை எழுதி, ஒரே விடுதிக்குப் போகும் இருவரைக் கடைசியாக வையுங்கள். அப்படி இருவர் இல்லையென்றால் கடைசி நிறுத்தத்துக்கு முன் இரண்டு வண்டியும் ஓரிடத்தில் சேரட்டும். ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு, தம்பதியாகவே கொண்டுபோய் விடுங்கள்.