போட்டோவில் மூக்கு ஏன் பெரிதாகத் தெரிகிறது?

சித்தி மகளுக்குப் போன மாதம் வேலை கிடைத்தது. ஐடி கார்டுக்கும் லிங்க்ட்இன்னுக்கும் நல்ல போட்டோவாக ஒன்று வேண்டும் என்று ஆபீஸிலிருந்து மெயில் வந்ததும், அவள் செய்த முதல் காரியம் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நின்று நாற்பது செல்ஃபி எடுத்ததுதான். நாற்பதிலும் ஒரே புகார். "அண்ணா, எனக்கு மூக்கு இவ்ளோ பெரிசாவா இருக்கு?"

மூக்கு சரியாகத்தான் இருக்கிறது. கை நீளம்தான் பத்தவில்லை.

ஒரு பொருள் இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனால் படத்தில் பாதி அளவாக விழும், இதுதான் அடிப்படை. மூக்கு நுனியிலிருந்து காது, முன்பின்னாக அளந்தால், ஏறக்குறைய 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். போனை மூக்குக்கு முன்னால் 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4, அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெருத்து விழுகிறது. அதே போனை 150 செ.மீ. தள்ளி, கிட்டத்தட்ட ஐந்து அடியில், யாராவது பிடித்தால் 162-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும். வித்தியாசம் வெறும் 8 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. மூக்கு ஆபரேஷன் கேட்டு வருகிறவர்கள் செல்ஃபியை நீட்டுகிறார்களே என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-இல் இதையே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஐந்து அடியிலிருந்து எடுத்ததைவிட 12 அங்குலத்திலிருந்து எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது.

பலர் இதற்கு லென்ஸைத் திட்டுவார்கள். லென்ஸ் பாவம். எந்த லென்ஸாக இருந்தாலும் நிற்கிற இடம் மாறாவிட்டால் மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் மாறாது. அகன்ற லென்ஸில் முகம் ஃபிரேமை நிறைக்க வேண்டுமென்றால் கிட்டே போகத்தான் வேண்டியிருக்கிறது, கிட்டே போனதுதான் வினை. அதனால் வீட்டிலேயே எடுப்பதாக இருந்தாலும் போனை இன்னொருவர் கையில் கொடுத்து ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள், 2எக்ஸ் ஜூம் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

அவளுக்கு வீட்டில் எடுப்பதில் நம்பிக்கை போய்விட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஷேர் ஆட்டோ, வெயில், புடவைக் கடைக் கூட்டம் எல்லாம் தாண்டி உள்ளே நுழைந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. ஸ்டூடியோக்காரர் கேமராவைத் தொடவே இல்லை. "மொதல்ல ஃபேன் கீழ உக்காரும்மா, இருவது நிமிசம் ஆவட்டும்" என்றார்.

அந்த இருபது நிமிடத்தில் ஓர் இயற்பியல் பாடமே இருக்கிறது. முகத்தில் படுகிற வெளிச்சம் இரண்டு வழியாகத் திரும்புகிறது. பெரும்பகுதி தோலுக்குள் நுழைந்து, அங்கே சிதறி, நம் நிறத்தை ஏற்றிக்கொண்டு வெளியே வரும். நூற்றில் நாலைந்து பங்கு உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும். இதில் நம் நிறமே இருக்காது, விளக்கின் வெள்ளைதான். தோல் காய்ந்திருந்தால் அதன் நுண்ணிய மேடுபள்ளங்கள் இந்த வெள்ளையை நாலா பக்கமும் இறைத்துவிடும். வேர்வையும் எண்ணெய்ப் பசையும் அந்தப் பள்ளங்களை நிரப்பி வழவழப்பாக்கிவிட்டால், முகம் ஓரளவு கண்ணாடிபோல நடந்துகொள்ளும். என் முதல் வேலையின் ஐடி கார்டில் நெற்றி மட்டும் டியூப்லைட்போல எரியும், எண்ணூர் ரோட்டில் சைக்கிளை மிதித்துப் போய் அதே வேகத்தில் கேமரா முன்னால் உட்கார்ந்த என் அவசரம்தான் காரணம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை லேசில் ஆவியாகாது. அதனால் இந்தப் பக்கத்துக்காரர்கள் கூடுதலாகவே நேரம் ஒதுக்க வேண்டும். கர்ச்சீப்பால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் கன்னம் சிவக்கும். மெல்லிசாகப் பவுடர் போட்டால் போதும், அது செய்வது மேடுபள்ளத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான். அப்பினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகும்.

அப்புறம் குடை லைட், அதாவது வெள்ளைக் குடை மாட்டிய ஸ்டூடியோ விளக்கு. வெயிலில் காயப்போட்ட வேட்டிக்குப் பின்னால் நின்றிருந்தால் இது உடனே புரியும் (துணி வெளுத்த பேட்டைக்கு வந்து வேட்டியைச் சொல்லாமல் எப்படி). சூரியன் நம் பார்வைக்கு ஒரு சின்னப் புள்ளி, அதனால் மூக்கின் நிழல் கத்தி வைத்து வெட்டியதுபோல விழும். வேட்டி வெளிச்சத்தை வாங்கித் தானே பெரிய விளக்காகிவிடுகிறது, ஒரு பக்கத்திலிருந்து வருவது மறைந்தாலும் இன்னொரு பக்கத்து வெளிச்சம் நிழலுக்குள் நுழைந்து அதன் ஓரத்தைக் கரைத்துவிடும். விளக்கு பெரிதாக இருப்பது மட்டும் போதாது, கிட்டேயும் இருக்க வேண்டும், தள்ளி வைத்தால் பெரிய குடையும் சின்னப் புள்ளிதான்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேமராவின் தானியங்கி அளவுமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், அதற்கு மனித முகம் என்றெல்லாம் ஒன்றும் தெரியாது. வெள்ளைச் சுவர் முன்னால், வெள்ளைச் சட்டையில், மாநிறக்காரர் ஒருவர் நின்றால் அந்த வெள்ளையை எல்லாம் அடக்க வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டு போகும். உடனே நாம் நம் நிறத்தைத்தான் நொந்துகொள்கிறோம். இப்போதைய போன்கள் முகத்தைத் தேடிப் பிடித்து ஓரளவு சமாளிக்கின்றன, இருந்தாலும் திரையில் முகத்தின்மேல் ஒரு தட்டு தட்டிவிடுவது நல்லது. "கலர் ஏத்தித் தரவா?" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சரியாக வெளிச்சம் விழுந்த கறுப்பு முகத்தில் இருக்கிற ஆழம் வெளுத்துவிட்ட முகத்தில் வராது. ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டிக்கும் குழப்பம் இருக்காது.

பொடிக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம். இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அலை அலையாக ஏதோ ஓடுமே, சட்டையின் கட்டமும் கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கிற சென்சாரின் கட்டமும் சேர்ந்து அதையே செய்யும். பளிச்சென்ற கிளிப்பச்சை போட்டால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். கண்ணாடி போடுகிறவர்கள் காதுப்பக்கக் கம்பியை ஒரு நூல் தூக்கி வைத்தால் விளக்கின் பிரதிபலிப்பு தரையைப் பார்த்துப் போய்விடும்.

கண்ணை மூடுவது பற்றிக் கவலைப்படவே வேண்டாம். நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை சிமிட்டுகிறோம், ஒவ்வொன்றும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நாலு பங்குவரை எடுக்கும். இருபது படம் எடுத்தால் ஒன்றிரண்டில் கண் மூடியிருப்பது கணக்கிலேயே வருவது. நிறைய எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டூடியோக்காரர் அவளை மூன்று வரை எண்ணும்வரை கண்ணை மூடச் சொல்லி, திறந்ததும் சட்டென்று எடுத்தார். படம் பிரமாதம். அவளுக்குத்தான் பிடிக்கவில்லை. "என்னமோ நான் மாதிரியே இல்லண்ணா." கூட வந்திருந்த சித்தியோ, "அச்சு அசல் நீதான்டி" என்றார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். நம் முகத்தை நாம் பார்த்துப் பழகியது கண்ணாடியில், இடம் வலமாக; மற்றவர்கள் பார்ப்பது நேர் முகத்தை. யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை, வகிடே ஒரு பக்கம்தானே. 1977-இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்: பெண்களிடம் அவர்களின் நேர்ப் படத்தையும் திருப்பிய படத்தையும் காட்டியபோது பெரும்பாலோர் தங்கள் திருப்பிய படத்தையும், அவர்களின் தோழிகள் நேர்ப் படத்தையும் தேர்ந்தெடுத்தார்கள்.

இதையெல்லாம் ஷேர் ஆட்டோவில் வரும்போதே அவளுக்கு விளக்கினேன், தலையாட்டினாள். ராத்திரி குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டும் இதயம் போட்டும் முடித்த பிறகு சித்தியிடமிருந்து ஒரு குரல் மெசேஜ்: "ஏன்டி, மூக்குத்தி எப்ப அந்தப் பக்கம் போச்சு?"