நோட்டீஸுக்கு முன் வில்லங்கம் பாருங்கள்

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள், மண்டபம் பக்கம் கருவாட்டு வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தெரிந்த படகுக்காரருக்குப் புரோநோட்டின் பேரில் நான்கு லட்சம் கொடுத்திருந்தார். கேட்கும்போதெல்லாம் "பாடு (மீன் வரத்து) நல்லா வரட்டும்க்கா, தந்துடறேன்" என்ற பதில்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். படகுக்காரர் அதை வாங்கிய ஒன்பதாம் நாள், அவருடைய வீடு மனைவி பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் (விலை வாங்காமல் எழுதிக்கொடுப்பது) ஆகிவிட்டது. படகை மச்சான் பெயருக்கு மாற்றும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அதே வீட்டில் குடியிருந்து, அதே படகை ஓட்டுவது அவரேதான்.

"அவர் பேர்ல ஒண்ணுமே இல்லையே சார்" என்று அக்கா அழுதார்.

கடனைத் திருப்பித் தராதது மட்டும் குற்றமாகாது. ஆனால் கடன் கொடுத்தவர்களுக்குச் சேராமல் தடுக்கும் நோக்கத்தோடு, நேர்மையின்றிச் சொத்தை மறைப்பதும் போதிய விலை வாங்காமல் மாற்றுவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 320-வது பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 421. "சிவில் மேட்டர்" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

பணம் கைக்கு வரும் வழி சிவில் நீதிமன்றம்தான். சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவின்படி, கடன் கொடுத்தவரை ஏய்க்கச் செய்த பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மோசடி தெரியாமல், நியாயமான விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் அதில் பாதுகாப்பு உண்டு. இன்னும் கை மாறாத சொத்துக்கு, வழக்குப் போடும்போதே தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்கலாம். வெறும் சந்தேகம் போதாது, தேதிகள்தான் பேசும். அந்த அக்காவிடம் நோட்டீஸின் ஒப்புகை அட்டை பத்திரமாக இருந்தது. அதையும் பத்திர நகலையும் பக்கத்தில் வைத்தாலே நடந்தது விளங்கும். பெயர் மாற்றம் முடியாததால் படகுக்கு ஜப்தி உத்தரவும் கிடைத்தது. வீட்டுக்குத் தனி வழக்கு நடக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே வில்லங்கம் (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் விவரம்) பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். படகு அதில் வராது. மீன்வளத்துறையில்தான் விசாரிக்க வேண்டும்.

அப்புறம், "சும்மா பேருக்குத்தான் மச்சான்" என்று சொந்தக்காரர் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பத்திரத்தில் பொய்யான விலை காட்டி, அது தெரிந்தே நேர்மையின்றி அதில் சேருபவருக்கும் அதே நியாய சன்ஹிதாவின் 322-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.